சிறுகோள் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காட்டி, "இவை இன்ன பெரிய உடல் உடைந்தபோது வந்த துண்டுகள்" என்று இன்று அடையாளம் சொல்ல முடிகிறது. ஒரே உடைப்பில் பிறந்த துண்டுகளின் கூட்டத்தைச் சிறுகோள் குடும்பம் என்கிறோம். அதைத் தேட தொலைநோக்கி வேண்டாம். ஒரு சாதாரணக் கணினி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்டவணை ஒன்று, கொஞ்சம் பைத்தானோ எக்செல்லோ தெரிந்தால் போதும். வானியலில் புதியவர் ஒருவர் தன் கையாலேயே செய்து பார்த்து, உண்மையான விடைக்குப் போய்ச் சேரக்கூடிய வேலைகள் குறைவு. இது அவற்றில் ஒன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா. 1918-இல் அவர் கையில் இருந்தவை சுமார் 790 சிறுகோள்களின் சுற்றுப்பாதைகள் மட்டுமே. கணினி இல்லாத காலம். அந்தச் சிறிய பட்டியலிலேயே சில சிறுகோள்களின் பாதைகள் தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒத்துப்போவதைக் கண்டார். கொரோனிஸ், ஈயோஸ், தெமிஸ் என்று மூன்று கூட்டங்களைப் பிரித்து, அவற்றைக் குடும்பங்கள் என்று அழைத்தார். இன்று 10 லட்சத்துக்கு மேல் சிறுகோள்கள் தெரியும். 2015-இல் தொகுக்கப்பட்ட பட்டியல் ஒன்றில் மட்டும் 122 குடும்பங்கள் உள்ளன. ஹிராயாமாவின் அந்த மூன்றும் இன்றுவரை நிலைத்து நிற்கின்றன.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்: இந்தக் கற்கள் நிஜமாகவே ஒரே உடலிலிருந்து வந்தவையா? பாதை, நிறம், அளவு, காலம் என நான்கு சாட்சிகள் இருக்கின்றன. எதுவும் தனியாக நின்றால் ஏமாற்றும். நான்கும் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் நம்பத் தொடங்கலாம்.

முதல் படி: மோதலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அட்டவணையைத் திறக்கும் அவசரத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். மோதல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் எண்களுக்கு அர்த்தம் கிடைக்கும்.

சிறுகோள் பட்டை நெரிசலான இடம் என்பது படங்கள் ஏற்படுத்திய நினைப்பு. உண்மையில் அங்கே எல்லாம் வெறும் வெளிதான். மொத்தப் பட்டையின் நிறையையும் சேர்த்தால் நம் நிலவின் நிறையில் 3 சதவீதம் வாக்கில்தான் வரும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரீஸ் என்ற ஒரே உடலில் இருக்கிறது. பெரிய மோதல்கள் மிக அரிது. ஆனால் காலம் 450 கோடி ஆண்டுகள். அவ்வளவு காலம் கிடைத்தால் அரிதானதும் பலமுறை நடந்துவிடும்.

அங்கே இரண்டு உடல்கள் மோதிக்கொள்ளும் சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 5 கிலோமீட்டர். இந்த வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லிடம் உள்ள ஆற்றல், ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றலைப் போல மூன்று மடங்கு. ஆகவே கல் எதனால் ஆனது என்பது இரண்டாம் பட்சம், வேகமே உடைத்துவிடும். கணினி மாதிரிகளின்படி, 100 கிலோமீட்டர் விட்டமுள்ள ஓர் உடலைச் சிதறடிக்க அதன் கால்வாசி விட்டமுள்ள கல் போதும்.

உடைப்பு நடக்கும் நேரம் மிகக் குறைவு. அதிர்ச்சி அலை உடலுக்குள் பாய்ந்து நொறுக்குவது சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அதன்பின் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துண்டுகள் விலகிப் போகும்போதே ஒன்றையொன்று ஈர்க்கின்றன. மெதுவாகப் பறப்பவை அருகில் உள்ள பெரிய துண்டின் மேல் திரும்ப விழுந்து குவிகின்றன. மணிக்கணக்கில், சில நாட்கள் வரை இந்தக் குவிதல் நடக்கும். 2001-இல் வெளியான கணினி உருவகங்கள், உடைதல், மீண்டும் சேர்தல் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் உண்மையான குடும்பங்களின் அளவுப் பரவலும் வேகப் பரவலும் முதன்முறையாக ஒத்துப்போயின. அதாவது குடும்பத்தின் பெரிய உறுப்பினர்கள் பெரும்பாலும் முழுப் பாறைகளாக இருக்காது. இடிபாடுகள் ஈர்ப்பால் சேர்ந்த குவியல்களாகவே இருக்கும். 2005-இல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் அருகில் போய்ப் பார்த்த இட்டோகாவா அப்படிப்பட்ட ஒரு குவியல்தான்.

எல்லாத் துண்டுகளும் திரும்பி விழுவதில்லை. தாய் உடலின் ஈர்ப்பை மீறும் வேகம் கிடைத்தவை தப்பிவிடும். 100 கிலோமீட்டர் உடலுக்கு இந்த விடுபடு வேகம் விநாடிக்கு 60 மீட்டர் வாக்கில்தான் இருக்கும். தப்பிய துண்டுகளின் வேகமும் பெரும்பாலும் இதே அளவில் இருக்கும். இதை மறக்காதீர்கள். சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வாக்கில் இருக்கும்போது, 60 மீட்டர் என்பது மிகச் சிறிய உதறல். அதனால்தான் உடைந்த துண்டுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் தாயின் பாதையை ஒட்டியே சுற்றுகின்றன. அதனால்தான் நம்மால் அவற்றைக் கண்டுபிடிக்கவும் முடிகிறது.

இதெல்லாம் பழங்கதை மட்டுமில்லை. 2010 டிசம்பரில் ஷைலா என்ற பெரிய சிறுகோள் திடீரெனப் பிரகாசமாகி, தூசு வால்களோடு தெரிந்தது. சில பத்து மீட்டர் அளவுள்ள கல் ஒன்று அதன்மேல் மோதியிருந்தது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்பஸ் என்ற சிறுகோள் மீது விநாடிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. டைமார்பஸ் தன் துணையைச் சுற்றும் நேரம் அரை மணிக்கும் மேல் குறைந்தது.

இரண்டாம் படி: சரியான எண்களை எடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

ஒரு சுற்றுப்பாதையை விவரிக்க மூன்று எண்கள் நமக்கு முக்கியம். அரைப்பேரச்சு, பாதை எவ்வளவு பெரியது என்று சொல்லும். வானியல் அலகில் அளப்போம், ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு, 15 கோடி கிலோமீட்டர். மையப்பிறழ்ச்சி, பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும். சாய்வு, கோள்களின் தளத்திலிருந்து பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும்.

சரி, எந்த இணையத்தளத்திலும் கிடைக்கும் இன்றைய பாதை எண்களை எடுத்து வரைந்தால் என்ன? குடும்பங்கள் மங்கலாகத்தான் தெரியும். வியாழனும் சனியும் எல்லாச் சிறுகோள்களையும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பதால் மையப்பிறழ்ச்சியும் சாய்வும் ஆயிரக்கணக்கான ஆண்டு கால அளவில் ஏறி இறங்குகின்றன. ஒரே நாளின் வெயிலை வைத்து ஓர் ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்ல முடியாததுபோல, இன்றைய எண்களை வைத்து ஒரு சிறுகோளின் பிறப்பைச் சொல்ல முடியாது.

நமக்கு வேண்டியது அந்த ஏற்ற இறக்கங்களைக் கழித்தபின் மிஞ்சும் எண்கள். பல லட்சம் ஆண்டுகளுக்குப் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, அலைவுகளை நீக்கி எடுக்கும் இந்த எண்களை வானியலாளர்கள் 'ப்ராப்பர் எலிமென்ட்ஸ்' என்பார்கள். இங்கே நிலைத்த பாதை எண்கள் என்று எழுதுகிறேன். ஹிராயாமாவின் சாதனையும் இதுதான்: வியாழனின் தாக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தற்கால முறையை வளர்த்ததில் ஆண்ட்ரியா மிலானி, சோரன் கினெசெவிச் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு.

அட்டவணை எங்கே கிடைக்கும்? இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஆஸ்ட்டிஸ் (AstDyS) இணையத்தளத்தில் லட்சக்கணக்கான சிறுகோள்களுக்கு நிலைத்த பாதை எண்கள் உரைக்கோப்பாகவே கிடைக்கின்றன. பதிவிறக்கியதும் முதலில் தலைப்பு வரிசையைப் படியுங்கள். சாய்வு பெரும்பாலும் கோணமாக இருக்காது, அதன் சைன் மதிப்பாக இருக்கும். கொந்தளிப்பு எவ்வளவு என்று காட்டும் பத்தி ஒன்றும் இருக்கும். அது மிகப் பெரிய எண்ணாக இருந்தால் அந்தச் சிறுகோளின் "நிலைத்த" எண்கள் அவ்வளவாக நிலைக்காதவை என்று அர்த்தம். தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் படி: வரையுங்கள், கண்ணால் பாருங்கள்

கிடை அச்சில் அரைப்பேரச்சு, 2.1 முதல் 3.3 வானியல் அலகு வரை. செங்குத்து அச்சில் சாய்வின் சைன், 0 முதல் 0.3 வரை. ஒவ்வொரு சிறுகோளும் ஒரு சின்னப் புள்ளி. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் படம் கருந்திட்டாகிவிடும். தனிப் பொலிவெண் 15-க்குக் குறைந்தவற்றை மட்டும் முதலில் எடுங்கள். தனிப் பொலிவெண் என்பது தொலைவின் தாக்கத்தை நீக்கியபின் உள்ள வெளிச்ச அளவு. எண் குறையக் குறையக் கல் வெளிச்சமானது, பெரும்பாலும் பெரியது.

படம் வந்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, செங்குத்தான வெற்றுப் பட்டைகள்: 2.5, 2.82, 2.96, 3.27 ஆகிய இடங்களில். இவற்றை 1866-இல் டேனியல் கிர்க்வுட் கவனித்துச் சொன்னார். அங்கே சுற்றும் கல்லின் சுற்றுக்காலம் வியாழனின் சுற்றுக்காலத்தோடு எளிய விகிதத்தில் அமையும். 2.5-இல் வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் கல் மூன்று முறை சுற்றும். வியாழனின் இழுப்பு ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வந்து பாதையைக் கெடுத்துவிடும், கல் வெளியேறிவிடும். இந்த இடைவெளிகள் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இரண்டாவது, புள்ளிகள் திரண்டு நிற்கும் திட்டுகள். 2.83-க்கும் 2.95-க்கும் இடையில், சாய்வு மிகக் குறைந்த இடத்தில் தட்டையாகக் கிடப்பது கொரோனிஸ். 3.01 அருகே, சாய்வு 10 பாகை வாக்கில் ஈயோஸ். 3.13 பக்கம், சாய்வு மிகக் குறைவாகவும் மையப்பிறழ்ச்சி 0.15 வாக்கிலும் தெமிஸ். எந்தக் கணக்கும் போடாமல் இந்த மூன்றும் தெரிந்தால் உங்கள் படம் சரியாக வந்திருக்கிறது.

அப்புறம் செங்குத்து அச்சில் மையப்பிறழ்ச்சியை வைத்து இன்னொரு படம் போடுங்கள். ஒரு படத்தில் மட்டும் திட்டாகத் தெரிந்து, மற்றதில் சிதறிப் போனால் அது குடும்பம் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் திட்டு வானத்தில் இருக்கும் திட்டு இல்லை. பாதைகளின் திசைகள் வெவ்வேறு வேகத்தில் திரும்புவதால் குடும்ப உறுப்பினர்கள் சூரியனைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவிக் கிடப்பார்கள். வானத்தில் அருகருகே தெரியும் இரண்டு சிறுகோள்கள் உறவாக இருக்க வேண்டியதில்லை. சூரியனின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை உடன்பிறப்புகளாக இருக்கலாம்.

நான்காம் படி: நெருக்கத்தை எண்ணால் அளவிடுங்கள்

கண் நம்பத்தக்க கருவி இல்லை. எங்கும் கூட்டம் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. 1990-இல் வின்சென்சோ சப்பலாவும் உடன் ஆய்வாளர்களும் கொண்டுவந்த படிநிலைக் கூட்டுமுறையே இன்றும் அடிப்படை.

இரண்டு சிறுகோள்களுக்கு இடையிலான "தூரத்தை" வேகமாக மாற்றிக் கணக்கிடுவதுதான் இதன் சாரம். அரைப்பேரச்சு வேறுபாட்டை அரைப்பேரச்சால் வகுத்து, வர்க்கமாக்கி, 1.25-ஆல் பெருக்குங்கள். மையப்பிறழ்ச்சி வேறுபாட்டை வர்க்கமாக்கி 2-ஆல் பெருக்குங்கள். சாய்வின் சைன் வேறுபாட்டுக்கும் அதேபோல். மூன்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அந்த இடத்தின் சுற்று வேகத்தால் பெருக்குங்கள். சுற்று வேகம் வேண்டுமானால், பூமியின் வேகமான விநாடிக்கு 29.8 கிலோமீட்டரை அரைப்பேரச்சின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2.87 வானியல் அலகில் இரண்டு கற்கள். அரைப்பேரச்சு வேறுபாடு 0.001, மையப்பிறழ்ச்சி வேறுபாடு 0.001, சாய்வின் சைன் வேறுபாடு 0.0005. சுற்று வேகம் விநாடிக்கு 17.6 கிலோமீட்டர். கணக்கிட்டால் விடை விநாடிக்கு சுமார் 29 மீட்டர். முதல் படியில் பார்த்த 60 மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஒரு நடுத்தர உடல் உடைந்தால் துண்டுகள் பிரியும் வேக வரம்புக்குள்ளேயே இது இருக்கிறது. இப்படி அளப்பதில் உள்ள அழகு இதுதான்: விடை நேரடியாக மோதலின் மொழியில் வருகிறது.

இப்போது ஒரு வரம்பு வேகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடக்கச் சிறுகோளிலிருந்து அந்த வரம்புக்குள் இருப்பவற்றைச் சேருங்கள். சேர்ந்த ஒவ்வொன்றிலிருந்தும் மறுபடி தேடுங்கள். புதிதாக எதுவும் சேராதபோது நிறுத்துங்கள். பைத்தானில் அண்டைப் புள்ளி தேடும் நிரல்தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்தினால் லட்சம் கற்களுக்கும் சில நிமிடங்களில் முடியும்.

வரம்பை எவ்வளவு வைப்பது? முழு முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது, இதில் நேரம் செலவிடுங்கள். மிகச் சிறிதாக வைத்தால் குடும்பம் துண்டுதுண்டாகத் தெரியும். மிகப் பெரிதாக வைத்தால் ஒரு குடும்பம் பக்கத்துக் குடும்பத்தோடு சங்கிலியாக இணைந்து, கடைசியில் பட்டை முழுவதும் ஒரே கூட்டமாகிவிடும். 10 மீட்டரிலிருந்து தொடங்கி 5, 5 மீட்டராக ஏற்றி, ஒவ்வொரு வரம்பிலும் எத்தனை உறுப்பினர்கள் வருகிறார்கள் என்று ஒரு வரைபடம் போடுங்கள். எண்ணிக்கை நிதானமாக ஏறும் பகுதி ஒன்று வரும், பிறகு ஓரிடத்தில் திடீரெனத் தாவும். தாவுவதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள். சோதனைக்காக, அதே பகுதியில் அதே எண்ணிக்கையில் கற்பனைக் கற்களைத் தற்செயலாகத் தூவி, அங்கும் இப்படி ஒரு கூட்டம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் உங்கள் கூட்டத்துக்கு மதிப்பில்லை.

ஐந்தாம் படி: நிறத்தையும் எதிரொளிதிறனையும் கேளுங்கள்

பாதை ஒத்துப்போவதால் மட்டும் உறவு உறுதியாகாது. எப்போதும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த அந்நியக் கற்களும் கூட்டத்துக்குள் அகப்பட்டிருக்கும். ஒரே உடலிலிருந்து வந்தவை பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொருளால் ஆனவை என்பதால், வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் திறனும் நிறமும் ஒத்திருக்க வேண்டும். எதிரொளிதிறனுக்கு நாசாவின் வைஸ் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்பு அளவீடுகளும், நிறத்துக்கு ஸ்லோன் வான் ஆய்வின் தரவுகளும் பொதுவில் கிடைக்கின்றன. கொரோனிஸ் குடும்பம் வெளிச்சமான கல் வகை. தெமிஸ் குடும்பம் கரி போல இருண்டது.

இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நைசா-போலானா பகுதியைப் பாருங்கள். பாதை எண்களை மட்டும் வைத்துக் கூட்டினால் ஒரே பெரிய குடும்பம்போலத் தெரியும். எதிரொளிதிறனைச் சேர்த்தால் வெளிச்சமான கூட்டமும் இருண்ட கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பது புலப்படும். இரண்டும் வெவ்வேறு மோதல்கள்.

கல்லின் அளவைக் கணக்கிடவும் எதிரொளிதிறன் வேண்டும். 1329-ஐ எதிரொளிதிறனின் வர்க்கமூலத்தால் வகுத்து, தனிப் பொலிவெண்ணை 5-ஆல் வகுத்து வரும் எண்ணைப் பத்தின் எதிர்ம அடுக்காக்கிப் பெருக்கினால் விட்டம் கிலோமீட்டரில் வரும். பொலிவெண் 15 உள்ள கல், எதிரொளிதிறன் 0.25 என்றால் 2.7 கிலோமீட்டர், 0.05 என்றால் 5.9 கிலோமீட்டர். அதே வெளிச்சம், இரண்டு மடங்குக்கு மேல் அளவு வித்தியாசம். அடுத்த படியில் இது எவ்வளவு விளையாடுகிறது என்று பார்ப்பீர்கள்.

ஆறாம் படி: வி வடிவத்தைத் தேடி வயதைக் கணியுங்கள்

சூரியன் ஒரு கல்லைச் சூடாக்குகிறது. கல் சுழல்வதால் அதன் "பிற்பகல்" பக்கம்தான் அதிகம் சூடாக இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து அதிக வெப்பம் வெளியேறும். வெளியேறும் ஒளி கல்லை மிக மெல்லத் தள்ளும். தன் பாதையில் போகும் திசையிலேயே சுழலும் கல் சூரியனிடமிருந்து விலகிப் போகும். எதிர்த்திசையில் சுழல்வது உள்நோக்கி நகரும். இதற்கு யார்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். இவான் யார்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்தார். கோலெவ்கா என்ற சிறுகோளின் நகர்வை ரேடாரில் அளந்து 2003-இல் இதை நேரடியாக உறுதிசெய்தார்கள்.

தள்ளல் மிகச் சிறியது. 1 கிலோமீட்டர் கல் 10 கோடி ஆண்டுகளில் நூறில் இரண்டு பங்கு வானியல் அலகு வாக்கில், அதாவது சுமார் 30 லட்சம் கிலோமீட்டர் நகரக்கூடும். கல் சிறிதாக இருந்தால் வேகமாக நகரும், பெரிதாக இருந்தால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும்.

இப்போது கிடை அச்சில் அரைப்பேரச்சும், செங்குத்து அச்சில் 1-ஐ விட்டத்தால் வகுத்த எண்ணும் வைத்து உங்கள் கூட்டத்தை வரையுங்கள். பெரிய கற்கள் அடியில் நடுவில் நிற்கும். மேலே போகப் போகச் சிறிய கற்கள் இரு பக்கமும் விரிந்து செல்லும். ஆங்கில வி எழுத்து! முதல்முறை அந்த வடிவம் திரையில் எழும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நீங்களே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயில் தள்ளியதன் தடம் அது. வி எவ்வளவு அகலமோ குடும்பம் அவ்வளவு பழையது. நகர்வு வேகம் தெரிந்தால் அகலத்திலிருந்து வயது வந்துவிடும். ஈயோஸ் குடும்பத்துக்கு இப்படிக் கிடைத்த வயது சுமார் 130 கோடி ஆண்டுகள்.

வியின் விளிம்புக்கு வெளியே அந்நியர்கள் விழுந்தால் நீக்கிவிடுங்கள். வியின் ஒரு கை கிர்க்வுட் இடைவெளியில் போய் வெட்டுப்பட்டு நின்றால் பயப்படாதீர்கள். அந்தக் கையில் இருந்த கற்கள் இடைவெளிக்குள் விழுந்து வெளியேறிவிட்டன. மற்றக் கையை வைத்து அளக்கலாம்.

எச்சரிக்கைக்கு ஒரு நிகழ்வு. பாப்டிஸ்டினா குடும்பம் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மோதலில் பிறந்தது, டைனோசர்களை அழித்த கல் அதிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று 2007-இல் ஒரு கணிப்பு வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. 2011-இல் வைஸ் அளவீடுகள் வந்தபோது அந்தக் குடும்பத்துக் கற்கள் நினைத்ததைவிட அதிகம் எதிரொளிப்பவை என்று தெரிந்தது. அப்படியானால் அவை நினைத்ததைவிடச் சிறியவை. சிறியவை என்றால் வேகமாக நகர்ந்திருக்கும். ஆகவே வயது பாதியாகி 8 கோடி ஆண்டுகளாகக் குறைந்தது. டைனோசர் அழிந்த காலத்துக்குள் ஒரு துண்டு பூமிவரை வந்துசேரப் போதிய அவகாசம் இல்லை என்பதால் அந்தக் கணிப்பு தளர்ந்துவிட்டது. கணக்கில் தவறில்லை, உள்ளிட்ட ஓர் எண் மாறியது. உங்கள் வயதுக் கணிப்பை எழுதும்போது எந்த எதிரொளிதிறன், எந்த அடர்த்தி வைத்தீர்கள் என்பதைக் கூடவே எழுதுங்கள்.

ஏழாம் படி: இளம் குடும்பமாக இருந்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

சில லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு வயதுள்ள குடும்பங்களுக்கு இன்னும் துல்லியமான வழி உண்டு. உறுப்பினர்களின் பாதைகளைக் கணினியில் பின்னோக்கி ஓட்டினால், வெவ்வேறு திசையில் திரும்பியிருக்கும் பாதைகள் ஒரு காலத்தில் ஒன்றாகக் கூடும். அந்தக் கணம்தான் மோதல். 2002-இல் டேவிட் நெஸ்வோர்னியும் குழுவினரும் கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த கரின் கூட்டத்தை இப்படி ஓட்டிப் பார்த்து, அது 58 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிறந்தது என்று காட்டினார்கள். பழைய மோதலின் துண்டு ஒன்று மறுபடி மோதி உடைந்திருக்கிறது. வெரிட்டாஸ் குடும்பத்துக்குச் சுமார் 83 லட்சம் ஆண்டுகள் வந்தது. ஏறக்குறைய அதே வயதுள்ள கடலடிப் படிவுகளில் விண்தூசு கொண்டுவரும் ஹீலியம்-3 திடீரென உயர்ந்திருப்பது பின்னர் தெரியவந்தது. வானத்துப் பாதைகளும் கடலடி மண்ணும் ஒரே தேதியைச் சொன்னால், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

புதியவர்கள் இந்தப் படியை உடனே செய்ய வேண்டியதில்லை. ரீபவுண்ட் போன்ற இலவச நிரல்தொகுப்பில் கை பழகியபின் முயலுங்கள்.

எட்டாம் படி: எந்த வகை மோதல் என்று முடிவு செய்யுங்கள்

குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினரின் நிறையை மொத்த நிறையோடு ஒப்பிடுங்கள். விட்டங்களை மும்மடியாக்கிக் கூட்டினாலே தோராயமான விடை வரும். மிகப் பெரியது பாதிக்கும் குறைவாக இருந்தால் தாய் உடல் முற்றிலும் சிதறியது என்பது வழக்கம். கொரோனிஸ் இந்த வகை. ஏறக்குறைய எல்லாமே ஒரே உடலில் இருந்தால் பெரும்பள்ளம் தோண்டிய மோதல். வெஸ்டா அதற்குச் சிறந்த சான்று. சுமார் 525 கிலோமீட்டர் விட்டமுள்ள வெஸ்டாவின் தென்துருவத்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அகலமுள்ள ரியாசில்வியா பள்ளம் இருக்கிறது. 2011-இல் அங்கே போய்ச் சேர்ந்த டான் விண்கலம் அதை விரிவாகப் படமெடுத்தது. பள்ளத்திலிருந்து எகிறிய துண்டுகள்தான் வெஸ்டா குடும்பம். பூமியில் விழும் விண்கற்களில் ஒரு தனி வகை வெஸ்டாவின் மேலோட்டுப் பாறையோடு ஒத்துப்போகிறது.

ஆனால் இந்த விதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஹைஜியா குடும்பத்தில் நிறையில் பெரும்பகுதி ஹைஜியாவிடமே இருக்கிறது. அப்படியென்றால் அங்கும் பெரிய பள்ளம் இருக்க வேண்டும். 2019-இல் சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியின் படங்கள் வந்தபோது, அதன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை, உருண்டையாக இருந்தது. உருவகங்கள் தந்த விளக்கம்: சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தாய் உடல் முழுவதும் நொறுங்கி, பெரும்பகுதி மீண்டும் ஒன்றாக விழுந்து உருண்டது. முதல் படியில் சொன்ன மீண்டும் சேர்தல், இவ்வளவு பெரிய அளவில்.

பயிற்சிக்கு எந்த வரிசையில் போகலாம்

முதலில் கொரோனிஸ், எல்லைகள் தெளிவாக இருக்கும். பிறகு ஈயோஸ், அதன் உட்பக்கம் 2.96 இடைவெளியில் வெட்டுப்படுவதைப் பாருங்கள். மூன்றாவதாக வெஸ்டா. அதன்பின் நைசா-போலானா, அதில் எதிரொளிதிறன் இல்லாமல் தோற்று, இருந்தால் வெல்வீர்கள். ஐந்தாவதாக எரிகோன் குடும்பம், அதன் வி வடிவம் அழகாக விழும். இதன் உறுப்பினரான டொனால்ட்ஜோஹன்சனை 2025 ஏப்ரல் 20 அன்று லூசி விண்கலம் கடந்து சென்று படமெடுத்தது. வரைபடத்தில் ஒரு புள்ளியாக நீங்கள் குறித்த கல்லை நேரில் பார்க்கலாம்.

மசாலியாவையும் பட்டியலில் சேருங்கள். பூமியில் விழும் விண்கற்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மசாலியா, கரின், கொரோனிஸ் ஆகியவற்றில் கடந்த 4 கோடி ஆண்டுகளுக்குள் நடந்த மோதல்களிலிருந்து வருபவை என்று 2024-இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. அருங்காட்சியகத்தில் விண்கல் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் அதன் வகைப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, அது எந்தக் குடும்பத்தோடு பொருந்தும் என்று தேடிப் பாருங்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள்: அட்டவணையைப் பதிவிறக்கிய தேதி, வரம்பு வேகம், தொடக்கச் சிறுகோள், எந்த எதிரொளிதிறன் எல்லைக்குள் வடிகட்டினீர்கள், எத்தனை பேரை நீக்கினீர்கள். அட்டவணைகள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம் வரும் ஆண்டுகளில் லட்சக்கணக்கில் புதிய சிறுகோள்களைச் சேர்க்கப்போகிறது. அவற்றில் பெரும்பாலானவை சிறிய கற்களாக இருக்கும்; வியின் மேல்பகுதி நிரம்பும், சில குடும்பங்கள் இரண்டாகப் பிரியும், சில காணாமல் போகும். அப்போது உங்கள் பழைய குறிப்பேட்டை எடுத்து, அதே வரம்பு வேகத்தோடு புதிய அட்டவணையில் மறுபடி ஓட்டுங்கள்.